விண்டோஸ் முன்னோட்டப் பதிப்பை ஏற்றும்போது தடைபட்டால்: டெல்டா மாவட்ட வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொதுமக்களுக்கு இன்னும் வெளிவராத விண்டோஸ் பதிப்புகளை, விருப்பமுள்ளவர்கள் முன்கூட்டியே ஏற்றிப் பார்ப்பதற்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் 'விண்டோஸ் இன்சைடர்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இதற்குப் பணம் கட்டவேண்டியதில்லை. ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் போதும். சேர்வது சில நிமிட வேலை என்பதால் ஆர்வமுள்ளவர்கள் யோசிக்காமல் சேர்ந்துவிடுகிறார்கள். பிறகு பதிவிறக்கம் பாதியில் நிற்கிறது. அல்லது நிறுவல் முக்கால்வாசி போனபின் மாற்றங்களை நீக்குவதாக ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டுப் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. அல்லது நீளமான ஒரு பிழை எண் மட்டும் திரையில் மிஞ்சுகிறது.

முதன்முறையாக இதில் இறங்குபவர்களுக்காக, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளின் மின்சார நிலையையும் இணைய நிலையையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு விதை, பதிவிறக்கப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே விழுந்துவிடுகிறது என்பது என் கருத்து. எனவே திரும்பி வரும் வழியை முதலில் அமைத்துக்கொண்டு, அதன் பிறகே உள்ளே செல்லும் வரிசையில் படிகளைச் சொல்கிறேன்.

எந்தக் கணினியில் ஏற்றலாம்

வீட்டிலோ கடையிலோ ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது, அதில்தான் அன்றாட வேலை நடக்கிறது என்றால், அதில் முன்னோட்டப் பதிப்பை ஏற்றவேண்டாம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் புதிய இரகம் ஒன்றைத் தந்தால்கூட, நம் விவசாயிகள் முதல் போகத்திலேயே முழு வயலிலும் அதை நடவு செய்யமாட்டார்கள். ஒரு மா நிலத்தில் போட்டு, பூச்சியையும் மகசூலையும் பார்த்துவிட்டுத்தான் பரப்புவார்கள். கணினியிலும் அந்த நிதானம் வேண்டும்.

குறிப்பாக மூன்று வகைக் கணினிகளைத் தொடவே கூடாது. முதலாவது, இ-சேவை மையங்களில் ஆதார் சரிபார்ப்புக்கான கைரேகைக் கருவி இணைந்திருக்கும் கணினி. இரண்டாவது, ஒப்பந்தப்புள்ளிக்கோ ஜிஎஸ்டி தாக்கலுக்கோ டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகிப் பயன்படுத்தும் கணினி. மூன்றாவது, திருமணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அடிக்கும் டிடிபி கடைகளில், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களோடு பழைய பேஜ்மேக்கரை ஓட்டிக்கொண்டிருக்கும் கணினி. இவற்றில் உள்ள டிரைவர்களும் (கருவிகளை விண்டோஸுடன் இணைத்து இயக்குபவை) மென்பொருள்களும் புதிய விண்டோஸை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை அல்ல. முகூர்த்த மாதத்தில் அச்சகக் கணினி படுத்துவிட்டால் அதன் விலை என்ன என்பதைக் கடைக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை.

அடுத்ததாக, கணினிக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். விண்டோஸ் 11க்கு இரண்டு கோர் கொண்ட 64 பிட் செயலி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி) உள்ள யூஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருள், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் ஆகியவை அடிப்படைத் தேவைகள். இவற்றுடன் செயலியின் மாடல் மைக்ரோசாஃப்டின் பட்டியலிலும் இருக்கவேண்டும். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற சிறு செயலி இதைச் சோதித்துச் சொல்லிவிடும். தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் கிடைத்த கணினிகள் இந்தத் தகுதிக்குள் வாரா. தேவைகளைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏற்றுவதற்குக் காணொளிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, குறிப்பிட்ட சில கட்டளைகளை அறியாத மிகப் பழைய செயலிகளில் விண்டோஸ் தொடங்கவே தொடங்காது. அங்கே எந்தக் குறுக்கு வழியும் செல்லாது.

தகுதியான கணினி ஒன்றுதான் உண்டு, அதில் கைவைக்கவும் பயம் என்பவர்களுக்கு மெய்நிகர்க் கணினி, அதாவது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி, நல்ல தொடக்கம். இதற்கான மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, விண்டோஸ் ஹோம் பதிப்பில் கிடைக்காது. ஆனால் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் 7ஆம் பதிப்பு முதல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் பாவித்துக் காட்டும் வசதி உண்டு. 8 ஜிபி ரேம் இருந்தால் மெதுவாக ஓடும், 16 ஜிபி இருந்தால் நன்றாக ஓடும். உள்ளே என்ன உடைந்தாலும் வெளியே உள்ள கணினிக்கு ஒன்றும் ஆகாது.

சேனலைத் தேர்வு செய்தல்

2023 மார்ச் முதல் இந்தத் திட்டத்தில் கேனரி, டெவ், பீட்டா, ரிலீஸ் பிரிவியூ என்று நான்கு சேனல்கள் (முன்னோட்டப் பதிப்புகள் வரும் தனித்தனி வழிகள்) வழக்கத்துக்கு வந்தன. நிறுவனம் இந்த ஏற்பாட்டை அவ்வப்போது மாற்றியமைக்கும். ஆகவே சேரும்போது திரையில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே உள்ள விளக்கத்தைப் படித்துவிடுங்கள். புதியவர்கள் எந்தச் சேனலில் புதுமை அதிகம் என்று பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியது, எந்தச் சேனலிலிருந்து எளிதாக வெளியேறலாம் என்பதை.

ரிலீஸ் பிரிவியூ சேனலில் வருவது ஏறத்தாழ முடிந்துவிட்ட பதிப்பு. அதிலிருந்து, அந்தப் பதிப்பு பொதுவெளிக்கு வந்ததும் தானாக விலகிவிடும்படி அமைப்பில் குறித்து வைக்கலாம். கேனரியில் ஏறிவிட்டால் நிலைமை வேறு. அதன் பதிப்பு எண் பொதுப் பதிப்பைவிட மேலே போய்விடுவதால், வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவினால்தான் கீழே இறங்கமுடியும். டெவ் சேனலிலும் பெரும்பாலும் இதே கதைதான். எப்போதாவது சில வாரங்களுக்கு மட்டும் கீழ்ச் சேனலுக்கு மாறும் வாய்ப்பு திறக்கும். முதன்முறை வருபவர்கள் ரிலீஸ் பிரிவியூவில் தொடங்கலாம்; கொஞ்சம் பழகியவர்கள் பீட்டாவுக்குப் போகலாம்.

பருவத்தையும் பார்க்கவேண்டும் என்பது டெல்டாவுக்கான என் கூடுதல் யோசனை. விண்டோஸின் ஆண்டுப் பதிப்புகள் சமீப காலமாக வடகிழக்குப் பருவமழை நெருங்கும் வேளையில் வெளியாகின்றன: 24எச்2 பதிப்பு 2024 அக்டோபர் 1 அன்றும், 25எச்2 பதிப்பு 2025 செப்டம்பர் 30 அன்றும் வந்தன. பின்னது ஆகஸ்ட் இறுதியிலேயே ரிலீஸ் பிரிவியூ சேனலுக்கு வந்துவிட்டது. மழையும் புயலும் மின்கம்பங்களைச் சாய்க்கும் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்வதைவிட, ஆவணி, புரட்டாசியிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

சேர்வதற்கு, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குச் சென்று 'விண்டோஸ் இன்சைடர் புரோகிராம்' என்பதைத் திறக்கவேண்டும். 'ஆப்ஷனல் டயக்னாஸ்டிக் டேட்டா' என்ற விருப்பத் தகவல் பகிர்வு அணைந்திருந்தால் சேரும் பொத்தான் வேலை செய்யாது. பிரைவசி பகுதியில் அதை இயக்கவேண்டும். கல்லூரியோ அலுவலகமோ தந்த மின்னஞ்சல் கணக்கைக் கணினியில் சேர்த்திருந்தால், சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற வாசகம் தோன்றிச் சேனல்கள் மங்கலாகக் கிடக்கக்கூடும். அப்படியானால் குற்றம் கணினியில் இல்லை; அந்தக் கணக்கின் கட்டுப்பாடு அது.

ஏற்றுவதற்கு முன் செய்யவேண்டியவை

முதல் வேலை, வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் வசதியின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைப்பது. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் வட்டு தானாகவே பூட்டாக்கம் செய்யப்படுகிறது. உரிமையாளருக்கு அது தெரியவே தெரியாது. முன்னோட்டப் பதிப்பை ஏற்றும்போதோ, கணினியின் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்கும்போதோ ஒரு நீல நிறத் திரை தோன்றி 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். அந்தச் சாவி, கணினியில் முதலில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் இருக்கும். நம் ஊர்களில் மடிக்கணினி வாங்கும்போது கடையில் இருக்கும் தம்பியே ஏதோ ஒரு மின்னஞ்சலை உருவாக்கிக் கணினியைத் தொடங்கித் தருவது வழக்கம். அந்த மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களிடம் இல்லையென்றால், முன்னோட்டப் பதிப்பைப் பற்றி நினைப்பதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். சாவி இல்லாமல் பூட்டிக்கொண்ட வட்டிலிருந்து படங்களை எடுத்துத்தர எந்தப் பழுதுபார்ப்பவராலும் முடியாது.

இரண்டாவது வேலை, நகல். படங்கள், பாடக் குறிப்புகள், கணக்குக் கோப்புகள் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். முடிந்தால் இன்னொரு நகல் வேறொரு வீட்டிலோ மேகச் சேமிப்பிலோ இருக்கட்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது வீட்டோடு சேர்ந்து பொருள்களும் நனைந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் புரியும்.

மூன்றாவது, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்டின் 'மீடியா கிரியேஷன் டூல்' கொண்டு வழக்கமான, நிலையான விண்டோஸின் நிறுவல் வட்டை உருவாக்கி வைப்பது. கணினி நன்றாக இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும். கெட்டபின் இன்னொருவர் கணினியைத் தேடி அலையவேண்டி வரும்.

நான்காவது, சி டிரைவில் குறைந்தது 30 ஜிபி காலியிடம். அச்சுப்பொறி, வெளி டிஸ்க், வெப்கேம் போன்றவற்றைக் கழற்றிவிட்டு, மைக்ரோசாஃப்ட் அல்லாத வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் தற்காலிகமாக நீக்கிவிடுங்கள். அணைத்து வைத்தால் மட்டும் போதாது. அதன் டிரைவர்கள் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

மின்சாரமும் டேட்டாவும்

நிறுவல் இரண்டு கட்டங்களில் நடக்கிறது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் பதிவிறக்கமும் தயாரிப்பும் நடப்பது முதல் கட்டம். இதில் மின்சாரம் போனாலும் பெரிய தீங்கில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். கணினி மறுதொடக்கமாகிச் சதவீதம் ஏறுவது இரண்டாவது கட்டம். இதில் மின்சாரம் போனால் பெரும்பாலும் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும், சில வேளைகளில் தொடங்காமலே போகலாம்.

ஆகவே மறுதொடக்கத்துக்கு நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் துணைமின் நிலையத்தில் எந்த நாள் என்பது முன்கூட்டியே நாளிதழ்களில் வந்துவிடும். அது பொதுவாகக் காலை 9 மணியளவில் தொடங்கும் என்பதால் அன்று காலையில் இதைத் தொடங்காதீர்கள். மடிக்கணினியானால் பேட்டரி முழுதாக ஏறியிருக்கவேண்டும், சார்ஜரும் செருகியிருக்கவேண்டும். மேசைக் கணினியின் சாதாரண யூபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும். வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பில் கணினியை வைப்பதே நல்லது. இன்வெர்ட்டரின் பின்புறம் யூபிஎஸ் நிலைக்கு மாற்றும் பொத்தான் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் மின்சாரம் மாறும் அந்தக் கணத்தில் மேசைக் கணினி அணைந்து எழும். பழைய சுழல் வட்டுள்ள கணினியில் ஒரே சதவீதத்தில் ஒரு மணிநேரம்கூட நிற்கலாம். வட்டு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் வரை பொறுத்திருங்கள். பொத்தானை அழுத்தி அணைப்பது கடைசிக் கட்ட முடிவு.

டேட்டா விஷயத்தில், கிராமங்களில் பலருக்கும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டே இணையம். நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிபி வரம்புள்ள திட்டத்தில், பல ஜிபி அளவுள்ள முன்னோட்டப் பதிப்பை ஒரே நாளில் இறக்கமுடியாது. வரம்பு முடிந்து வேகம் குறைந்தவுடன் பதிவிறக்கம் நின்றுவிட்டதாகத் தோன்றும், உண்மையில் அது நகர்ந்துகொண்டுதான் இருக்கும். அந்த இணைப்பை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்திருந்தால் விண்டோஸ் பெரிய பதிவிறக்கத்தைத் தானாகத் தொடங்காது. உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கும். ஒரே கடையிலோ விடுதியிலோ பல கணினிகள் இருந்தால், டெலிவரி ஆப்டிமைசேஷன் பகுதியில் உள்ளக வலையமைப்பிலுள்ள கணினிகளிடமிருந்து பெறும் விருப்பத்தை இயக்குங்கள். ஒரு கணினி இறக்கியதை மற்றவை பகிர்ந்துகொள்ளும்.

பிழை எண்ணைப் படிக்கும் முறை

மீண்டும் முயற்சி செய்யும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் சிக்கல் தீராது, டேட்டாதான் தீரும். முதலில் அப்டேட் ஹிஸ்டரி பக்கத்தில் உள்ள பிழை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எல்லா எண்களும் '0x' என்றே தொடங்குவதால், பின்னால் உள்ள இலக்கங்களையே கீழே தருகிறேன்.

80070070 என்றால் இடம் போதவில்லை. ஸ்டோரேஜ் பகுதியில் தற்காலிகக் கோப்புகளை நீக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் 'முந்தைய விண்டோஸ் நிறுவல்' என்று ஒன்று இருந்தால், பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியே அதுதான் என்பதை நினைவில் வைத்து, யோசித்தபின் தொடுங்கள்.

80072எஃப்8எஃப் என்பது பாதுகாப்பான இணைப்பு அமையவில்லை என்பதைக் குறிக்கும். பெரும்பாலும் கணினியின் நாளும் நேரமும் தவறாக இருப்பதே காரணம். பழைய மேசைக் கணினிகளில், தாய்ப்பலகையில் காசு அளவில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போகும்போதெல்லாம் கடிகாரம் பல ஆண்டு பின்னே போய்விடும். மின்தடை மிகுந்த நம் பகுதியில் இது நினைப்பதைவிட அதிகம். சில பத்து ரூபாய்களில் பேட்டரியை மாற்றிவிடலாம். விண்டோஸைக் குறைசொல்லிப் பயனில்லை.

80240034, சி1900223 போன்றவை பதிவிறக்கம் தொடர்பானவை. விபிஎன் (இணையத்தை வேறொரு வழியே திருப்பிவிடும் செயலி) இருந்தால் அணையுங்கள், சில மணிநேரம் கழித்து முயலுங்கள், அதற்கும் நகரவில்லையென்றால் மட்டும் அப்டேட் கோப்புகளைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். அதற்கு, 'சர்வீசஸ்' பகுதியில் விண்டோஸ் அப்டேட், பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் ஆகிய இரண்டு சேவைகளையும் நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'சாஃப்ட்வேர் டிஸ்டிரிபியூஷன்' என்ற கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு, சேவைகளை மீண்டும் இயக்கவேண்டும். பல வழிகாட்டிகள் இதை முதல் மருந்தாகச் சொல்கின்றன. ஆனால் அதுவரை இறக்கியதெல்லாம் போய்விடும் என்பதால், கைப்பேசி டேட்டாவில் இருப்பவர்களுக்கு இது கடைசி மருந்தாக இருக்கட்டும்.

80073712 என்றால் விண்டோஸின் உள் கோப்புகள் சிதைந்திருக்கின்றன. திடீர் மின்தடைகளால் இது நேர்வதுண்டு. நிர்வாகி உரிமையுடன் டெர்மினலைத் திறந்து, டிஐஎஸ்எம் என்ற கட்டளையுடன் ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரெஸ்டோர்ஹெல்த் ஆகிய சொற்களை, ஒவ்வொன்றுக்கும் முன் ஓர் இடைவெளியும் சாய்கோடும் இட்டு ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யவேண்டும். இது இணையத்திலிருந்து நல்ல கோப்புகளைப் பெறும் என்பதால் இணைப்பு தேவை. இது முடிந்தபின் எஸ்எஃப்சி கட்டளையை ஸ்கேன்நௌ என்ற சொல்லுடன் அதே முறையில் ஓட்டுங்கள். வரிசை மாறவேண்டாம், எஸ்எஃப்சி எந்தக் கோப்புகளை முன்மாதிரியாகக் கொள்கிறதோ, அவற்றை டிஐஎஸ்எம்தான் முதலில் சரிசெய்கிறது.

சி1900208 என்றால் பொருந்தாத செயலி ஒன்று தடுக்கிறது. சி1900200 என்றால் கணினிக்குத் தகுதியில்லை. சி1900107 என்றால் முந்தைய முயற்சியின் எச்சங்கள் இன்னும் நீங்கவில்லை, கணினியை மறுதொடக்கம் செய்து மீண்டும் முயலவேண்டும். 800எஃப்0922 வந்தால், விபிஎன்னை அணைத்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வட்டின் தொடக்கத்தில் உள்ள சிஸ்டம் ஒதுக்கீட்டுப் பகுதி நிரம்பியிருக்கலாம், அதைப் பெரிதாக்குவது புதியவர்கள் தனியே செய்யும் வேலையல்ல.

எல்லாவற்றிலும் அதிகம் குழப்புவது சி1900101 என்ற எண். நிறுவல் வெகுதூரம் போய், பிறகு பின்வாங்கினால் இதுதான் தோன்றும். பொதுவாக ஒரு டிரைவர் இடறியிருக்கிறது என்று பொருள். இதனுடன் ஒரு கோடிட்டு இரண்டாவது எண் ஒன்றும் வரும். அந்த இரண்டாவது எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள்: 1 என்றால் பழைய விண்டோஸுக்குள் இருக்கும்போதே, 2 என்றால் மறுதொடக்கத்துக்குப் பின் சிறு இயங்குதளத்தில் கோப்புகளை மாற்றும்போது, 3 என்றால் புதிய விண்டோஸ் முதன்முறை எழும்போது, 4 என்றால் கடைசியாகப் பயனர் அமைப்புகளைத் தயாரிக்கும்போது தவறு நேர்ந்திருக்கிறது.

20017 என்று வந்தால் பயாஸ் பழையதாக இருக்கலாம், அல்லது வைரஸ் தடுப்பு மென்பொருளின் டிரைவர் குறுக்கிடலாம். 30018 என்று வந்தால் ஏதோ ஒரு சாதனத்தின் டிரைவர் பதிலளிக்காமல் நின்றிருக்கிறது; விசைப்பலகை, சுட்டி, திரை தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முயலவேண்டும். கைரேகைக் கருவியின் பழைய டிரைவர்கள், பார்கோடு அச்சுப்பொறியின் டிரைவர்கள் போன்றவை, கருவியைக் கழற்றிய பிறகும் கணினிக்குள்ளேயே தங்கியிருக்கும். டிவைஸ் மேனேஜரில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் சொல்லி அவற்றை நீக்கவேண்டும். 4000டி என்று வந்தால் திரை டிரைவரை முதலில் சந்தேகியுங்கள். டிரைவரை மடிக்கணினி நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்; டிரைவர்களைத் தானாகப் புதுப்பித்துத் தருவதாக விளம்பரப்படுத்தும் மென்பொருள்கள், இருக்கும் சிக்கலோடு இன்னொன்றைச் சேர்த்துவிடும்.

எந்த டிரைவர் என்று ஊகிக்க முடியவில்லையென்றால், மைக்ரோசாஃப்டின் 'செட்டப்டயாக்' என்ற இலவசக் கருவியை ஓட்டுங்கள். சி டிரைவில் டாலர் குறியுடன் தொடங்கும் மறைந்த கோப்புறைக்குள் நிறுவல் விட்டுச்சென்ற பதிவேடுகளைப் படித்து, தோல்விக்குக் காரணமானதைப் பெயரிட்டுச் சொல்ல அது முயலும். எப்போதும் வெற்றி பெறாது. ஆனாலும் முழு இரவு ஊகிப்பதற்குப் பதில் சில நிமிடங்களில் ஒரு திசை கிடைக்கும்.

ஐஎஸ்ஓ கோப்பு வழியாக

அப்டேட் பக்கம் வழியே எத்தனை முறை முயன்றும் முடியாதபோது, இன்சைடர் தளத்தில் கிடைக்கும் ஐஎஸ்ஓ கோப்பை (முழு நிறுவல் வட்டும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி, அதைத் திறந்து 'செட்டப்' கோப்பை ஓட்டலாம். இந்த வழியில் தோல்வி நேர்ந்தாலும் எந்தக் கட்டத்தில் எந்தச் செயலில் நின்றது என்று திரையிலேயே வாசகமாக வரும். அப்டேட் பக்கம் இவ்வளவு பேசாது.

இங்கே நம் பகுதிக்கான சங்கடங்கள் மூன்று. கோப்பின் அளவு 5 ஜிபியைத் தாண்டும். தரப்படும் பதிவிறக்க இணைப்பு 24 மணிநேரமே செல்லும். மெதுவான இணைப்பில் அதற்குள் முடியாது என்றால், கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஃபைபர் இணைப்புள்ள நண்பரிடம் இறக்கிக்கொண்டு வருவது நல்லது. அப்படிக் கொண்டுவரும்போது, பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. இடம் நிறைய இருந்தும் கோப்பு பெரிதாக இருக்கிறது என்று மறுக்கும். முன்கூட்டியே அதை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவுக்கு மாற்றிவிடுங்கள். அடுத்து மொழி: கணினியில் இருப்பது அமெரிக்க ஆங்கிலமா, சர்வதேச ஆங்கிலமா என்று பார்த்து அதே ஐஎஸ்ஓவை எடுக்கவேண்டும். மாறிவிட்டால், கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் விருப்பம் மங்கிவிடும். அந்த விருப்பம் மங்கியிருப்பதைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து அழுத்தினால் நிறுவிய செயலிகள் எல்லாம் போய்விடும்.

திரும்பி வருதல்

புதிய பதிப்பு ஏறிவிட்டது, ஆனால் ஒலி வரவில்லை, தமிழ்99 விசைப்பலகை வேலை செய்யவில்லை, வைஃபை அடிக்கடி அறுகிறது என்றால், செட்டிங்ஸின் ரிகவரி பகுதியில் 'கோ பேக்' பொத்தான் 10 நாள்களுக்கு இருக்கும். அந்தக் கெடு முடிவதற்குள், டிஐஎஸ்எம் கட்டளையின் ஒரு வடிவத்தால் அதை 60 நாள்கள் வரை நீட்டிக்கமுடியும். சிறிய பதிப்புகள் சில, பழைய விண்டோஸை ஒதுக்கி வைக்காமல் சாதாரண அப்டேட் போலவே ஏறுவதுண்டு. அப்போது இந்தப் பொத்தான் இருக்காது, அப்டேட் ஹிஸ்டரியில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' வழியே நீக்கவேண்டும்.

கணினி எழவே இல்லையென்றால் பதற்றப்படவேண்டாம். தொடக்கம் அடுத்தடுத்துத் தோல்வியுற்றால் விண்டோஸ் தானாக மீட்புத் திரைக்குச் செல்லும். செல்லாவிட்டால் முன்பு செய்துவைத்த பென்டிரைவிலிருந்து தொடங்கலாம். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று சென்று, முதலில் ஸ்டார்ட்டப் ரிப்பேர், பிறகு அப்டேட்டை நீக்கும் விருப்பம் என்ற வரிசையில் முயலுங்கள். ஸ்டார்ட்டப் செட்டிங்ஸில் 4ஐ அழுத்தினால் சேஃப் மோடு, 5ஐ அழுத்தினால் இணையத்துடன் கூடிய சேஃப் மோடு. அங்கிருந்து குற்றவாளி டிரைவரை நீக்கமுடிந்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. பிட்லாக்கர் சாவியைக் கேட்டால், எழுதி வைத்த தாளை எடுங்கள்.

இன்னொரு பொறி காலாவதித் தேதி. ரன் பெட்டியில் 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், பல முன்னோட்டப் பதிப்புகளில் அது எந்த நாளோடு முடிகிறது என்று தெரியும். விடுமுறையில் ஊருக்குப் போய் மாதக்கணக்கில் கணினியை அணைத்து வைக்கும் மாணவர்கள் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளவேண்டும். தேதி தாண்டுவதற்குள் அடுத்த பதிப்புக்கு ஏறிவிடவேண்டும். இல்லையென்றால் எச்சரிக்கைகளில் தொடங்கி, கணினியைப் பயன்படுத்த முடியாத நிலைக்குப் போகும்.

எல்லாம் சரியாக ஏறியும், செய்திகளில் படித்த புதிய வசதி உங்கள் திரையில் இல்லையென்றால் அது பிழையல்ல. ஒரே பதிப்பில் இருப்பவர்களுக்குக்கூட வசதிகளைப் பகுதி பகுதியாகவே மைக்ரோசாஃப்ட் திறந்துவிடுகிறது. அதற்காக மீண்டும் நிறுவவேண்டியதில்லை.

உண்மையான பிழையைக் கண்டால், விண்டோஸ் விசையுடன் எஃப் எழுத்தை அழுத்தி ஃபீட்பேக் ஹப்பைத் திறந்து தெரிவியுங்கள். அதே பிழையை வேறொருவர் முன்பே சொல்லியிருந்தால் புதிதாக எழுதாமல் அதற்கு ஆதரவு தருவது நல்லது. புதிதாக எழுதுவதானால், பதிப்பு எண், கணினி மாடல், முழுப் பிழை எண், எந்தச் செயலின்போது நேர்ந்தது என்ற நான்கையும் எளிய ஆங்கிலத்தில் குறிப்பிடுங்கள். தமிழ் எழுத்துரு சிதைவது, உயிர்மெய் எழுத்து உடைந்து தெரிவது, தமிழ் விசைப்பலகையில் புள்ளி விழாமல் போவது போன்ற பிழைகளுக்குத் திரையின் படத்தை (ஸ்கிரீன்ஷாட்) கட்டாயம் இணையுங்கள். நம் எழுத்தில் கொம்பும் காலும் எங்கே நிற்கவேண்டும் என்பது அதைப் படிக்கும் பொறியாளருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே சரியான வடிவத்தின் படத்தையும் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள்.